ரொமான் வழக்கு: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி சொல்லித் தருகிறேன். மேல்நிலை மாணவர்களுக்கு, பிரான்ஸை உலுக்கிய ஒரு வழக்கைப் பாடமாக எடுப்பது வழக்கம். 1993-ல் நடந்த ழான்-குளோத் ரொமான் வழக்கு அது. பாடம் முடிந்ததும் இலக்கணத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சந்தேகமெல்லாம் இந்த மனிதனைப் பற்றியும் அவன் மனைவியைப் பற்றியும்தான். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே கேள்விகள். வீட்டில் என் அம்மாவும் அதையேதான் கேட்டார். அதனால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலையுண்டவர்களின் பெயர்களை நான் எழுதவில்லை. அவர்களுடைய உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரொமானை 'அவர்' என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

யாரு மேடம் இந்த ரொமான்? கதையைச் சுருக்கமா சொல்லுங்க.

1954-ல் பிறந்தவன். பிரான்ஸின் கிழக்கே ழுரா மலைப்பகுதியில் வளர்ந்தான். அப்பாவுக்குக் காடு சார்ந்த நிர்வாக வேலை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. லியோன் நகரில் மருத்துவம் படிக்கப் போனான். பிறகு டாக்டர் ஆனான், ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1980-ல் கல்யாணம். மனைவி பார்மசி படித்தவர். ஒரு பெண், ஒரு பையன். சுவிஸ் எல்லையை ஒட்டி, பிரான்ஸ் பக்கம் இருக்கும் பிரெவெசென் என்ற ஊரில் வீடு.

அவன் டாக்டரே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. எங்கேயுமே வேலை பார்த்ததில்லை. பதினெட்டு வருடம் இந்தப் பொய் ஓடியது. அது உடையப் போகிறது என்று தெரிந்ததும், 1993 ஜனவரி 9-ஆம் தேதி மனைவி, இரண்டு குழந்தைகள், தன் அப்பா, தன் அம்மா என ஐந்து பேரைக் கொன்றான்.

எல்லாம் ஒரு பரீட்சையில ஆரம்பிச்சுதுன்னு சொன்னீங்களே, அது என்ன?

1975-ல் மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டு இறுதித் தேர்வில் ஒரு பரீட்சைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குப் பிற்பாடு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொன்னான். ரிசல்ட் வந்தபோது 'பாஸ்' என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான் தொடக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் திகைப்பாக இருக்கிறது. வருடா வருடம் அதே இரண்டாம் ஆண்டிலேயே பெயரைப் பதிவு செய்துகொண்டான். மொத்தம் பன்னிரண்டு முறை. நண்பர்கள் மேலே மேலே போக, இவனும் வகுப்புக்கு வந்தான், நூலகத்தில் உட்கார்ந்தான், அவர்களோடு சேர்ந்து படித்தான். தேர்வு அறைக்குள் மட்டும் போகவில்லை. நடுவில் தனக்குப் புற்றுநோய் என்றும் ஒரு கதை கட்டினான். நோயாளி நண்பனிடம் யார் மார்க் ஷீட் கேட்பார்கள்?

தினமும் காலையில டிப்-டாப்பா கிளம்பி எங்கதான் போவான்?

முதல் சில வருடம் உலக சுகாதார நிறுவனத்துக்கே போனான். விசிட்டர் பாஸ் வாங்கிக்கொண்டு, வெளியாட்கள் போகக்கூடிய இடங்களுக்கு மட்டும். நூலகத்தில் உட்காருவான். இலவசமாகக் கிடைக்கும் பிரசுரங்களை அள்ளிக்கொண்டு வருவான். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த தபால் நிலையம், வங்கிக் கிளையைப் பயன்படுத்துவான். வீட்டு மேசையில், கார் சீட்டில் எல்லாம் அந்த நிறுவனத்தின் முத்திரை போட்ட காகிதங்கள் கிடக்கும். இதோ இந்த ஜன்னல்தான் என் அறை என்று பெற்றோருக்குக் காட்டியும் இருக்கிறான்.

பிறகு அங்கே போவதும் குறைந்தது. நெடுஞ்சாலை ஓரத்து வாகன நிறுத்தங்களில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து படிப்பான். காபிக் கடைகளில் நேரத்தைக் கழிப்பான். ழுரா மலைக் காட்டில் மணிக்கணக்கில் நடப்பான். வெளிநாட்டுக் கருத்தரங்கு என்று சொல்லிக் கிளம்பினால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, டி.வி. பார்த்துக்கொண்டு, தான் 'போயிருக்கும்' நாட்டைப் பற்றிய பயண வழிகாட்டிப் புத்தகத்தைப் படிப்பான். தவறாமல் வீட்டுக்குப் போன் செய்து அந்த ஊர் வெயில், மழை எப்படி என்று சொல்வான். திரும்பும்போது விமான நிலையக் கடையில் குழந்தைகளுக்குப் பரிசு. வீட்டுக்கு வந்து, பயணக் களைப்பு என்று படுத்துக்கொள்வான்.

இரட்டை வாழ்க்கை என்றால் வேறொரு குடும்பம், வேறொரு தொழில், ஒரு சூதாட்ட விடுதி என்று ஏதாவது இருக்கும் என்று என் மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இவன் வாழ்க்கையின் இன்னொரு பாதியில் இருந்தது நிறுத்தி வைத்த ஒரு கார்.

சம்பளமே கிடையாதே, அப்போ வீட்டு வாடகை, கார், ஸ்கூல் பீஸ் எல்லாம்?

சொந்தக்காரர்களின் சேமிப்பு. சர்வதேச அதிகாரி என்பதால் சுவிஸ் வங்கியில் நல்ல வட்டிக்குப் பணம் போட்டுத் தர முடியும் என்று சொல்வான். பெற்றோர் கொடுத்தார்கள். மாமனார் கொடுத்தார். மாமனார் இறந்த பிறகு மாமியார் வீட்டை விற்ற பணமும் இவன் கைக்கே வந்தது. ரசீது கேட்டவர்கள் இல்லை. அதிலிருந்து எடுத்துத்தான் மாதச் செலவு.

இதில் மன்னிக்கவே முடியாத ஒன்று உண்டு. மனைவியின் உறவினர் ஒருவர் புற்றுநோயால் அவதிப்பட்டார். ஆராய்ச்சி நிலையில் இருக்கும் புது மருந்து, கடையில் கிடைக்காது என்று சொல்லி அவருக்குக் கேப்ஸ்யூல்களைப் பெரும் தொகைக்கு விற்றான். போலி மருந்து. அவர் இறந்துபோனார்.

எத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்தவ, அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். ஆண்கள், பெண்கள், படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கும் விதத்திலேயே, அந்தப் பெண் மீது ஒரு பாதிப் பழியைப் போட்டுவிடுகிறார்கள். விசாரணையிலோ நீதிமன்றத்திலோ அவருக்குத் தெரிந்திருந்தது என்று எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அந்த ஊர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் ஜெனீவா. அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் சர்வதேச நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். அடிக்கடி வெளிநாடு போவது அங்கே சாதாரணம். அப்படிப்பட்ட அதிகாரிகளுக்கு வருமான வரி கிடையாது என்பதால் வரிக் காகிதம் வீட்டுக்கு வராததும் சாதாரணம். அலுவலகத்துக்கு நேராகப் போன் செய்யக் கூடாது என்று சொல்லி, பேஜர் மாதிரி ஒரு சேவையின் எண்ணைக் கொடுத்திருந்தான். மனைவி தகவல் விடுவார், இவன் உடனே கூப்பிடுவான். எப்போதும் உடனே கூப்பிடும் கணவனை யார் சந்தேகப்படுவார்கள்?

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கணவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், ஆயுத பூஜைக்கு. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருடைய நியமன உத்தரவை இன்றுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வகுப்பில் இதைக் கேட்டால் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை.

கூடப் படிச்ச டாக்டர் ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்களே, அவங்களுக்கும் தெரியலையா?

தெரியவில்லை. மிக நெருங்கிய நண்பர் ஒருவர் அந்தப் பகுதியிலேயே டாக்டராக இருந்தார், குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர். ரொமான் மருத்துவம் பேசினால் விஷயத்தோடு பேசுவான். அவ்வளவு படித்திருந்தான். வேலையைப் பற்றிப் பீற்றிக்கொள்ள மாட்டான். பெரிய பதவியில் இருந்தும் எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மனைவியைக் கேட்கும் அதே குரலில் இந்த நண்பர்களை யாரும் கேட்பதில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பதினெட்டு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் 'ஐயோ, ஏமாந்துட்டாரே' என்கிறோம்.

சின்ன வீடு இருந்துச்சாமே?

பாரிசில் ஒரு பெண் இருந்தார். முன்பு இவர்கள் ஊர்ப்பக்கம் வாழ்ந்த, தெரிந்த குடும்பத்துப் பெண். ரொமான் அவருக்கு விலையுயர்ந்த பரிசுகள் வாங்கிக் கொடுத்தான். யார் பணத்தில் என்பது மேலே இருக்கிறது. ஆனால் அதைச் சின்ன வீடு என்று சொல்வது சரியில்லை. அந்தப் பெண் சீக்கிரமே விலகி, நட்போடு நிறுத்திக்கொண்டார். அவரும் இவனை நம்பி, முதலீடு செய்யச் சொல்லி 9 லட்சம் பிராங்க் கொடுத்திருந்தார்.

அவன் மாமனார் மாடிப்படியில விழுந்து செத்தாரே, அதுவும் இவன் வேலைதானா?

1988-ல் நடந்தது. கார் வாங்குவதற்காக, கொடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை மாமனார் திருப்பிக் கேட்டிருந்தார். வீட்டில் மாமனாரும் இவனும் மட்டும் இருந்தபோது மாடிப்படியிலிருந்து விழுந்தார், இறந்தார். கொலைகள் வெளியே வந்த பிறகு எல்லோருக்கும் இந்த நினைவு வந்தது. ரொமான் கடைசிவரை மறுத்தான். ஆதாரம் இல்லை. அந்தச் சாவுக்காக அவன் மீது தீர்ப்பு எதுவும் இல்லை. அதனால் கொன்றான் என்று நான் எழுத மாட்டேன்.

இத்தனை வருஷம் ஓட்டினவன், 1993-ல ஏன் திடீர்னு?

எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் நெருக்கியது. பாரிசுப் பெண் தன் 9 லட்சத்தைத் திருப்பிக் கேட்டார். கையில் பணம் இல்லை, வங்கிக் கணக்கு கீழே போய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் படித்த பள்ளியில் தலைமையாசிரியரை மாற்றுவது பற்றி ஒரு தகராறு. அதில் ரொமான் முதலில் ஒன்று சொல்லி, பிறகு மாற்றிப் பேசினான். பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் அவனோடு பேச உலக சுகாதார நிறுவனத்தில் தேடியிருக்கிறார். அங்கே அந்தப் பெயரில் ஆள் இல்லை.

இந்தத் தகவல் எல்லாம் மனைவியின் காதுக்குப் போகத் தொடங்கிய மாதங்கள் அவை. உலக சுகாதார நிறுவனத்தில் ஊழியர்களின் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா நடக்குமே, உங்கள் பிள்ளைகள் வருவதில்லையா என்று யாரோ சாதாரணமாகக் கேட்டதுகூட இதில் சேர்த்தி.

அந்த மூணு நாள் என்னதான் நடந்தது?

சனிக்கிழமை, ஜனவரி 9. விடிவதற்குள் மனைவியை வீட்டில் இருந்த ஒரு பூரிக்கட்டையால் அடித்துக் கொன்றான். குழந்தைகள் எழுந்ததும் காலை உணவு கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்து, பிறகு ஒவ்வொருவராக மாடிக்கு அழைத்துப்போய்ச் சுட்டான். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. கடைக்குப் போய் வந்துவிட்டு, மலையைத் தாண்டி கிளேர்வோ-லே-லாக் என்ற ஊரில் இருந்த பெற்றோர் வீட்டுக்குப் போனான். மதியம் அவர்களோடு சாப்பிட்டான். அவர்களையும் சுட்டான், அவர்கள் நாயையும்.

அங்கிருந்து பாரிஸ். அமைச்சராக இருந்த பெர்னார் குஷ்னேர் வீட்டில் விருந்து என்று சொல்லி அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டான். ஃபோந்தேன்புலோ காட்டில் வழி தவறியதுபோல் சுற்றி, வண்டியை நிறுத்தி, அவரைத் தாக்கினான். அவர் போராடினார், கெஞ்சினார். நிறுத்திவிட்டான். நோயின் பாதிப்பு என்று மன்னிப்புக் கேட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குத் திரும்பி, சடலங்களோடு இருந்தான். திங்கள் விடியற்காலை வீட்டுக்குத் தீ வைத்தான். தீயணைப்பு வீரர்கள் அவனை உயிரோடு வெளியே இழுத்தார்கள். முதலில் விபத்து என்றே ஊர் நினைத்தது. மனைவியின் தலைக்காயமும் குழந்தைகள் உடம்பில் குண்டு பாய்ந்த தடமும் தெரிந்த பிறகுதான் விஷயம் மாறியது.

தானும் சாகத்தானே தீ வெச்சான்? குடும்பத்தோட போயிடணும்னு நினைச்ச பாவம்தானே?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், மனசு நல்ல மனசு. ஆனால் தேதிகளைப் பாருங்கள். துப்பாக்கிக்கு ஒலியடக்கியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். சனிக்கிழமை கொன்றவன் திங்கட்கிழமைதான் தீ வைக்கிறான். விழுங்கிய தூக்க மருந்து பழையது, காலாவதியானது. தீயைத் தெருவுக்குத் தெரிகிற மாடியில்தான் வைத்தான். மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் கதை, கறுப்பு உடையில் ஒருவன் வீட்டுக்குள் புகுந்து எல்லோரையும் கொன்றான் என்பது. சாக நினைத்தானா என்பது அவன் மனசுக்குள் இருக்கும் விஷயம். பிழைத்தவுடன் பழையபடி பொய் சொன்னான் என்பது பதிவில் இருக்கும் விஷயம்.

மனநோயாளியா இருப்பானோ?

அவனைப் பரிசோதித்த மனநல மருத்துவர்கள், தன் செயலுக்குப் பொறுப்பேற்க முடியாத அளவுக்கு நோய் எதுவும் இல்லை என்றார்கள். தன்னைப் பற்றிய பிம்பம் உடைவதைத் தாங்க முடியாத ஆளுமை என்று விளக்கினார்கள். அவ்வளவு கோரம் நடந்த பிறகும் அவன் கோர்வையாக, நிதானமாகப் பேசியது அவர்களையே உறுத்தியிருக்கிறது.

விசாரணையில் ஒரு காட்சி. நீதிபதி அவனுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்போது வளர்த்த நாயைப் பற்றிப் பேச்சு வந்ததும் உடைந்து கதறினான். கூடம் திகைத்துப்போனது. குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது.

ஏன் தூக்குல போடல? அதுவும் வெளியே விட்டுட்டாங்களாமே?

பிரான்ஸ் 1981-லேயே மரண தண்டனையை ஒழித்துவிட்டது. 1996 ஜூலை 2-ஆம் தேதி பூர்-கான்-பிரெஸ் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. குறைந்தது 22 வருடம் கழிந்த பிறகே நிபந்தனை விடுதலை கேட்க முடியும் என்பதும் தீர்ப்பிலேயே இருந்தது. கைதான 1993-லிருந்து கணக்கு என்பதால் 2015-ல் அந்தக் காலம் முடிந்தது.

கேட்டான். 2019 பிப்ரவரியில் மறுத்தார்கள். மேல்முறையீட்டில் பூர்ஜ் நகர நீதிமன்றம் ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அந்த வருடம் ஜூன் கடைசியில் சிறையிலிருந்து ஃபோங்கோம்போ என்ற ஊரில் இருக்கும் ஒரு பழைய துறவியர் மடத்துக்குப் போனான், காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடு. பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தொடர்பு கொள்ளக் கூடாது, இதைப் பற்றி ஊடகங்களில் பேசக் கூடாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சட்டப்படி நடந்தது என்று தெரியும். மனைவியின் உறவினர்கள் அந்தச் செய்தியை எப்படித் தாங்கினார்கள் என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது.

உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? மிஞ்சிப்போனா விவாகரத்து, மோசடி கேஸ். அதுக்காக குழந்தைங்களையா?

இந்தக் கேள்விக்கு ஐந்து வருடமாகப் பதில் தேடுகிறேன். 1975-ல் சொல்லியிருந்தால் அப்பா கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பார். 1985-ல் சொல்லியிருந்தால் அவமானம். 1992-ல் சொல்லியிருந்தால் சிறை, சில வருடம். எந்தக் கட்டத்திலும் யாரும் சாக வேண்டிய அவசியம் இல்லை.

அவர்கள் தன்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. பார்க்கும் கண்களையே மூடினான். 'குடும்பத்தின் மேல் உள்ள பாசத்தால்' என்று சிலர் எழுதுகிறார்கள். பாசம் என்ற சொல்லை இங்கே கொண்டுவருவது அந்த இரண்டு குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசி ராத்திரி மனைவிக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சா?

பாஸாகாத பரீட்சையில் தொடங்கி இங்கேதான் எல்லா வகுப்பும் வந்து நிற்கும். கணவன் மனைவிக்குள் அன்று பேச்சு வளர்ந்தது, மனைவி அழுதார், சோபாவில் அவரைச் சமாதானப்படுத்தினேன் என்று ரொமான் சொன்னான். அடுத்து நினைவில் இருப்பது கையில் அந்தக் கட்டை என்றான். நடுவில் எதுவும் ஞாபகம் இல்லையாம். அவர் என்ன கேட்டார், இவன் என்ன சொன்னான் என்று நமக்குச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான், அவன் 1975-லிருந்து பொய் சொல்லிக்கொண்டிருப்பவன்.

அதனால் 'தெரிஞ்சும் பேசாம இருந்திருப்பா' என்றோ 'அன்னிக்கு நல்லாக் கேட்டிருப்பா' என்றோ என் வகுப்பில் யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணின் வார்த்தை ஒன்றுகூட அந்த ராத்திரியிலிருந்து நமக்கு வந்து சேரவில்லை.